திரும்பாத வானூர்திகள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வானூர்தி ஒன்று வீழ்ந்த நாளில் அது தலைப்புச் செய்தியாகிறது; சில நாள்களில் வேறு செய்திகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எனினும், அவ்வூர்தி எங்கே வீழ்ந்தது, ஏன் வீழ்ந்தது, அதில் சென்றோர் யாவர் என்னும் வினாக்கள் எளிதில் மறைவதில்லை. வடசென்னைத் துறைமுகத்தின் எதிரே விரிந்துகிடக்கும் வங்கக் கடல், போர்க்காலத்திலும் அதன் பின்னரும் இவ்வினாக்களைப் பலமுறை எழுப்பியுள்ளது. திரும்பிவராத ஊர்திகள் திரும்பிவரும் ஊர்திகளைக் காத்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

துறைமுகமும் போரும்

சென்னையின் வடபகுதி கடலை நம்பி வளர்ந்தது. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. துறைமுகம், காசிமேட்டு மீன்பிடித்துறை, தண்டையார்ப்பேட்டையின் எண்ணெய்க் கிடங்குகள், திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை நீளும் ஆலைகள் என இப்பகுதியின் வாழ்வு முழுவதும் நீரின் விளிம்பிலேயே அமைந்தது. அமைதிக்காலத்தில் வளம் தந்த இதே அமைப்பு, போர்க்காலத்தில் பகைவரின் கண்ணை ஈர்ப்பதாயிற்று.

முதல் உலகப்போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவில், ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கிக் குண்டுகளைப் பொழிந்தது. கரையோரத்தில் இருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்கள் தீப்பற்றி எரிந்தன. அந்நிகழ்வின் நினைவுக்கல் உயர்நீதிமன்ற மதிற்சுவரில் இன்றும் உள்ளது. ‘எம்டன்’ என்னும் சொல்லும் அஞ்சத்தக்க, சூழ்ச்சி மிக்க ஆளைக் குறிப்பதாகத் தமிழ்ப் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் அச்சம் வானிலிருந்து வந்தது. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய வானூர்திகள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. ஏப்ரல் 9 அன்று திரிகோணமலை தாக்கப்பட்டது. அடுத்தது சென்னைதான் என்னும் எண்ணம் எங்கும் பரவியது. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தொடர்வண்டிகளிலும் மாட்டுவண்டிகளிலும் நகரைவிட்டு வெளியேறினர். 1943 அக்டோபரில் ஓரிரவு, ஜப்பானிய வானூர்தி ஒன்று சென்னையின்மீது குண்டுகளை வீசிச் சென்றது. அஞ்சிய அளவிற்குப் பெருந்தாக்குதல் நிகழவில்லை என்றாலும், வானத்தையும் கடலையும் இடைவிடாது கண்காணிக்க வேண்டிய தேவையை அவ்வாண்டுகள் உணர்த்தின.

புழல் ஏரியின் பறக்கும் படகுகள்

துறைமுகத்திலிருந்து வடமேற்கே அமைந்துள்ள புழல் ஏரி சென்னை நகரின் குடிநீர்த் தேவையை நிறைவுசெய்வது. ‘செங்குன்றம் ஏரி’ என்றும் வழங்கப்பெறும் இந்நீர்நிலை, 1942ஆம் ஆண்டு முதல் வேறொரு பணியையும் ஏற்றது. பிரித்தானிய வான்படையின் 240ஆம் அணி இவ்வேரியைத் தளமாகக் கொண்டது. அவ்வணியினர் பயன்படுத்தியவை ‘கேட்டலினா’ எனப்படும் பறக்கும் படகுகள். படகுபோன்ற அடிப்பகுதியைக் கொண்ட இவ்வூர்திகளுக்கு ஓடுதளம் தேவையில்லை. நீர்ப்பரப்பிலிருந்தே எழும்பி, நீர்ப்பரப்பிலேயே இறங்கவல்லவை. இரண்டு பொறிகளையும் ஏறத்தாழ 32 மீட்டர் நீளச் சிறகையும் உடைய இவை விரைவிற் குறைந்தவை. ஆயினும், ஒருமுறை எழும்பினால் பதினைந்து மணி நேரத்திற்கு மேலும் வானில் நிற்கக்கூடியவை.

வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் செல்லுதல், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுதல், கடலில் தத்தளிப்போரை மீட்டல், பகைவர் வசமிருந்த கரைகளில் ஆள்களை மறைவாக இறக்குதல் ஆகியன இவ்வூர்திகளின் பணிகளாயின. புழலை அடுத்த சோழவரத்தில் போர்க்காலத்தில் அமைக்கப்பட்ட ஓடுதளம், பின்னாளில் மோட்டார்ப் பந்தயங்களால் புகழ்பெற்றது. அவ்வாறு இரண்டு நீர்நிலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர்கள், சில ஆண்டுகள் வான்வழிக் காவலின் வாயில்களாக விளங்கின.

அன்றைய கடற்பறப்பு எத்துணை இடர் மிக்கது என்பதை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். கரையோர மீனவர், நிலத்தில் தெரியும் கோயில் கோபுரம், கலங்கரை விளக்கம், ஆலைப் புகைபோக்கி போன்றவற்றுள் இரண்டிரண்டை ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்துத் தாம் நிற்கும் இடத்தை அறிவர். நடுக்கடலின்மேல் பறக்கும் வானோடிக்கு அத்தகைய அடையாளம் ஏதுமில்லை. புறப்பட்ட இடம், பறக்கும் திசை, வேகம், கழிந்த நேரம், காற்றின் போக்கு ஆகியவற்றைக் கொண்டு தன் இடத்தை அவர் கணக்கிட வேண்டும். மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் வீசும் பக்கக்காற்றைக் கணக்கில் கொள்ளாமல் விட்டால், பத்து மணி நேரத்தில் ஊர்தி 100 கடல் மைல் விலகிவிடும். எரிபொருள் குறையும், இருள் சூழும், பருவமழை முகில்கள் வழியை மறைக்கும். பகைவரின் குண்டு ஒன்றுகூடப் படாமல் கடலில் வீழ்வதற்கு இவையே போதும்.

செய்தி அனுப்பி வீழ்ந்த ஊர்தி

கேட்டலினா ஒன்றின் வீழ்ச்சி, இலங்கையின் வரலாற்றையே மாற்றியது. 1942 ஏப்ரல் 4 அன்று, கனடா நாட்டு வான்படையின் 413ஆம் அணியைச் சேர்ந்த லெனார்டு பிர்ச்சால் என்னும் வானோடி, இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலைத் தளத்திலிருந்து கண்காணிப்புக்குப் புறப்பட்டார். இலங்கைக்குத் தெற்கே நெடுந்தொலைவில், மாலைப்பொழுதில், தொடுவானத்தில் சில புள்ளிகள் தென்பட்டன. அவை எவையென அறிய அவர் ஊர்தியை அருகே செலுத்தினார். கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியப் பெருங்கடற்படை அது.

திரும்பி ஓடித் தப்புவதா, செய்தியை அனுப்புவதா என்னும் தெரிவு எழுந்தபோது, அக்குழுவினர் செய்தியைத் தேர்ந்தனர். கப்பல்களின் இருப்பிடத்தையும் செல்லும் திசையையும் கம்பியில்லாத் தந்தி வழியே அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியப் போர்வானூர்திகள் அவர்களைச் சூழ்ந்து சுட்டன. ஊர்தி கடலில் வீழ்ந்தது. குழுவினருள் சிலர் உயிரிழந்தனர். பிர்ச்சால் உள்ளிட்ட எஞ்சியோர் சிறைப்பிடிக்கப்பட்டுப் போர் முடியும்வரை கைதிகளாக இருந்தனர். எனினும், செய்தி கரையை அடைந்திருந்தது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் பல வெளியேறின; காவற்படைகள் விழிப்படைந்தன. மறுநாள் தாக்குதல் நிகழ்ந்தபோது கொழும்பு எச்சரிக்கையின்றி இருக்கவில்லை. பிர்ச்சால் பின்னாளில் ‘இலங்கையைக் காத்தவர்’ எனப் போற்றப்பட்டார்.

ஊர்தி திரும்பவில்லை, அது கண்ட உண்மை திரும்பியது. திரும்பாத ஊர்தியிடமிருந்தும் செய்தி பெற முடியும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும். செய்தி அனுப்ப நேரமே வாய்க்காத ஊர்திகளிடமிருந்து அதனை எவ்வாறு பெறுவது என்பது அடுத்து எழும் வினா.

கல்லறை இல்லாதவர்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுவது தமிழர் மரபு. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதனை நட்டு வாழ்த்துவது வரையிலான நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் முறைப்படுத்திக் கூறுகிறது. வீரனின் பெயரும் செயலும் பொறிக்கப்பட்ட அக்கல், இறந்தவனுக்கு ஓர் இடத்தைத் தருகிறது. இருப்போர் சென்று நிற்கவும் ஓர் இடத்தைத் தருகிறது.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்வீரர் கல்லறைத் தோட்டம் இத்தகையதோர் இடம். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக்கிடந்த இரண்டாம் உலகப்போர்க்காலக் கல்லறைகள் இங்கு ஒருங்குசேர்க்கப்பட்டன. 850க்கும் மேற்பட்டோர் இங்குத் துயில்கின்றனர். ஒரே அளவிலான கற்கள் ஒவ்வொன்றிலும் பெயர், பணி, மறைந்த நாள் ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன. தளபதிக்குப் பெரிய கல், படைவீரனுக்குச் சிறிய கல் என்னும் வேறுபாடு இல்லை.

கடலில் வீழ்ந்து உடல் கிடைக்காதவர்களுக்கு இத்தகைய கல்லும் இல்லை. தெற்காசியா, கிழக்காசியா, அவற்றைச் சூழ்ந்த கடல்கள் ஆகியவற்றில் மறைந்து, கல்லறையற்றுப் போன பொதுநலவாய நாடுகளின் வான்படையினர் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவுச்சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. நிலப்படையினரையும் சேர்த்து 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கு உள்ளன. அவற்றுள் இந்தியப் படைவீரர் பெயர்களும் பல. வங்கக் கடலில் மறைந்தவர்களைத் தேடி வரும் உறவினர், கடலைக் கடந்து அச்சுவரின் முன் நின்று ஒரு பெயரை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியுள்ளது.

தெரிந்து தெளிவோம்

கடல், வான் பயணங்களில் தொலைவை அளக்கக் ‘கடல் மைல்’ என்னும் அலகு பயன்படுகிறது. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் விரைவில் செல்லும். இது காற்றில் ஒலி செல்லும் விரைவைப்போல் நான்கு மடங்கிற்கும் மேலானது. வானொலி அலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்வது அரிது. ஆகவே, ஆழ்கடலில் தேடுவோர் ஒலியையே நம்புகின்றனர்.

துளைகள் சொல்லாத செய்தி

திரும்பாத ஊர்திகளைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த அறிஞருள் ஆபிரகாம் வால்டு குறிப்பிடத்தக்கவர். 1902ஆம் ஆண்டு அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியப் பேரரசில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்த இவர், வியன்னாவில் கணிதம் பயின்றார். நாஜிகளின் கொடுமை பரவியபோது 1938இல் அமெரிக்கா சென்றார். ஐரோப்பாவிலேயே தங்கிய அவருடைய குடும்பத்தினர் பலர் அக்கொடுமைக்கு இரையாயினர். போர்க்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக்குழுவில் வால்டு பணியாற்றினார்.

போருக்குச் சென்று திரும்பும் வானூர்திகளின் உடலில் குண்டு துளைத்த தடங்கள் காணப்படும். அத்தடங்களைக் கணக்கெடுத்து, ஊர்தியின் எப்பகுதிக்குக் கூடுதல் கவசம் பூட்டுவது என முடிவு செய்ய வேண்டும். கவசம் எடை மிக்கது. எல்லாப் பகுதிகளுக்கும் பூட்டினால் ஊர்தி பறக்க இயலாது. மிகுதியான துளைகள் உள்ள பகுதியை வலுப்படுத்த வேண்டும் என்றே பொதுவாக எவரும் கருதுவர்.

வால்டின் ஆய்வு இக்கருத்தைத் தலைகீழாக்கியது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு தளத்திலிருந்து 100 ஊர்திகள் புறப்பட்டு, 90 மட்டும் திரும்பின எனக் கொள்க. திரும்பிய 90இன் சிறகுகளில் துளைகள் மிகுதி. பொறிப் பகுதியில் துளைகள் குறைவு. பகைவரின் குண்டு சிறகைத் தேடிச் சென்று துளைப்பதில்லை. எல்லாப் பகுதிகளிலும் பரவலாகவே பாயும். அவ்வாறாயின், பொறியில் அடிபட்ட ஊர்திகள் எங்கே? அவைதாம் திரும்பாத 10 ஊர்திகள். சிறகில் துளைபட்டும் ஊர்தி திரும்பியது என்றால், சிறகு அடியைத் தாங்கும் என்பது பொருள். துளையே காணப்படாத பகுதிதான் உயிர்நிலை. எனவே, கவசம் அங்குத்தான் வேண்டும்.

கண்முன் நிற்பவற்றை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைக்கும். வராதவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது இதன் சாரம். புள்ளியியலில் இன்று ‘பிழைத்தோர் சார்புப் பிழை’ என வழங்கும் கருத்தை விளக்க, வால்டின் இவ்வாய்வே உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. மருத்துவ ஆய்வில் இடையில் விலகிய நோயாளிகளையும், பொருளியலில் மூடப்பட்ட தொழில்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என வலியுறுத்தப்படுவது இக்கருத்தின் விரிவே.

போர் ஓய்ந்த பின்னர்

1945இல் போர் முடிந்தது. படைகளுக்காகப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட ‘டகோட்டா’ வகை வானூர்திகள் தேவையற்றுக் கிடந்தன. அவற்றை வாங்கிப் பயணியர் ஊர்திகளாக மாற்றியே இந்திய வான்போக்குவரத்து நிறுவனங்கள் பல வளர்ந்தன. வீரர்களையும் படைக்கலங்களையும் சுமந்த ஊர்திகள் பயணிகளையும் அஞ்சல் பைகளையும் சுமந்தன. 1949இல் இரவு வான் அஞ்சல் திட்டம் தொடங்கப்பட்டது. சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களிலிருந்து புறப்படும் ஊர்திகள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, அஞ்சல் பைகளை மாற்றிக்கொண்டு விடியலுக்குள் திரும்பின. ஒரு நகரில் மாலையில் இட்ட கடிதம் மறுநாளே மற்றொரு நகரை அடைந்தது.

இவ்விரைவுக்கு விலையும் தரப்பட்டது. 1953 டிசம்பர் 12 அன்று, நாகபுரியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட அஞ்சல் ஊர்தி எழும்பிய சிறிது நேரத்தில் வீழ்ந்தது. வானோடி ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார். 13 பேர் மாண்டனர். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1950 டிசம்பர் 13 அன்று, ஏர் இந்தியாவின் டகோட்டா ஊர்தி ஒன்று நீலகிரி மாவட்டம் கோத்தகிரிக்கு அருகே மலையில் மோதியது. அதில் இருந்த அனைவரும் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர், சொற்பொழிவுப் பயணமாக இந்தியா வந்திருந்த ஆபிரகாம் வால்டு. அவருடைய மனைவியும் உடனிருந்தார்.

திரும்பாத ஊர்திகளின் கணக்கை உலகுக்குக் கற்பித்த அறிஞர், திரும்பாத ஊர்தி ஒன்றிலேயே தமிழ்நாட்டு மலைச்சரிவில் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 48. கற்பித்தவர் மறைந்தாலும் கற்பித்த பாடம் எஞ்சியது. வீழ்ந்த ஒவ்வோர் ஊர்தியையும் தேடிக் கண்டறிந்து, வீழ்ந்த காரணத்தை ஆராய்ந்து, அடுத்த ஊர்தியைக் காப்பது என்பது உலக வான்போக்குவரத்தின் அடிப்படை நெறியாயிற்று. விபத்துக்குமுன் நிகழ்ந்தவற்றைப் பதிவுசெய்யும் ‘கறுப்புப் பெட்டி’ இந்நெறியின் விளைவே. எளிதிற் கண்ணில் படுவதற்காக அதற்கு ஆரஞ்சு நிறம் பூசப்படுகிறது.

கடலடியில் எழுந்த ஒலி

2015 சூன் 8 மாலையில், கடலோரக் காவற்படையின் டோர்னியர் ஊர்தி மூவருடன் சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் புறப்பட்டது. இரவு 9 மணிக்குப் பின்னர் அதனுடனான தொடர்பு அறுந்தது. கப்பல்களும் வானூர்திகளும் கடற்பரப்பை அலசின. பரப்பில் கிடைக்காத விடை ஆழத்திலிருந்து வந்தது. ஊர்தி நீரில் மூழ்கியதும் தானாக இயங்கத் தொடங்கி, சீரான இடைவெளியில் ஒலிக்குறி எழுப்பும் இடங்காட்டி அதில் பொருத்தப்பட்டிருந்தது. இந்தியக் கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் அவ்வொலியைக் கேட்டறிந்தது. ‘ஒலிம்பிக் கேன்யன்’ என்னும் கப்பல், ஆழ்கடலில் இயங்கும் தொலையியக்கக் கருவியின் துணையுடன், கடலூர் மாவட்டக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்திலிருந்து ஊர்தியின் பதிவுக்கருவியைச் சூலை மாதத்தில் மீட்டது. தேடல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பயன் தந்தது.

இத்தகைய இடங்காட்டியின் மின்கலம் எல்லையற்ற காலம் உழைப்பதன்று. முன்னர்ப் பொதுவாக அது 30 நாள் ஒலித்தது. 2014 மார்ச் 8 அன்று மலேசிய ஊர்தி எம்எச் 370, 239 பேருடன் மறைந்தபோது, தேடுவோர் உரிய இடத்தை அறியுமுன் அக்காலம் கடந்துவிட்டது. இடங்காட்டிகள் 90 நாள் ஒலிக்க வேண்டும் எனப் பன்னாட்டு விதிகள் மாற்றப்பட்டன. திரும்பாத ஊர்திகள் விதியைத் திருத்தியதற்கு இது மற்றுமொரு சான்று.

ஏழரை ஆண்டுத் தேடல்

2016 சூலை 22 காலை 8.30 மணிக்கு, இந்திய வான்படையின் ஏஎன் 32 வகை ஊர்தி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. அதில் 29 பேர் இருந்தனர். விசாகப்பட்டினத்தில் கடற்படைப் படைக்கலக் கிடங்கில் பணியாற்றிய குடிமக்கள் எண்மரும் அவர்களுள் அடங்குவர். காலை 9.12 மணியளவில், சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல் தொலைவில், ஊர்தி ராடார்த் திரையிலிருந்து மறைந்தது. 23,000 அடி உயரத்திலிருந்து அது விரைந்து கீழிறங்கியதை இறுதிப் பதிவு காட்டியது.

கடற்படை, கடலோரக் காவற்படை, வான்படை ஆகிய மூன்றும் இணைந்து பெருந்தேடலில் இறங்கின. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் சாகர் நிதி ஆய்வுக்கப்பலும் அதில் ஈடுபட்டது. பருவக்காற்றுக் காலமாதலால் கடல் கொந்தளித்தது. நீருக்கடியில் ஒலிக்குறி எழுப்பும் இடங்காட்டி அவ்வூர்தியில் இல்லை. டோர்னியரைக் கண்டறிய உதவிய குரல் இங்கு எழவில்லை. ஒரு துண்டும் கிடைக்காத நிலையில், செப்டம்பரில் தேடல் நிறுத்தப்பட்டது. ஊர்தியில் சென்றோர் உயிரிழந்திருக்க வேண்டும் என அவர்தம் குடும்பத்தினருக்குத் தெரிவிக்கப்பட்டது.

‘இருக்க வேண்டும்’ என்னும் அச்சொற்களுடன் 29 குடும்பங்கள் ஏழாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தன. துயரத்தைக் காட்டிலும் ஐயம் கொடிது. இறந்தார் என உறுதியாக அறிந்தால் இறுதிக்கடன் ஆற்றலாம். உறுதி இல்லாதபோது வாயிற்கதவின் ஓசையும் நெஞ்சை உலுக்கும்.

சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம், ஆழ்கடலில் ஆளின்றித் தானே இயங்கும் ஊர்தி ஒன்றை அப்பகுதியில் ஈடுபடுத்தியது. ஒலியலைகளால் கடலடியைப் படம்பிடிக்கும் சோனார்க் கருவிகளும், நுண்மையான ஒளிப்படக் கருவியும் அதில் இருந்தன. 3400 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் கரையில் நிலவும் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 340 மடங்கு. கதிரவன் ஒளி அங்கு எட்டுவதேயில்லை. அந்த ஆழத்தில், சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 140 கடல் மைல் தொலைவில், சிதைந்த ஊர்தியின் பகுதிகள் ஒளிப்படங்களில் பதிவாயின. அப்படங்களை ஆராய்ந்தபோது அவை ஏஎன் 32 ஊர்தியின் பகுதிகளோடு ஒத்திருந்தன. அவ்விடத்தில் வேறு எவ்வூர்தியும் காணாமற்போனதாகப் பதிவில்லை. இவ்விரு சான்றுகளின் அடிப்படையில், சிதைவுகள் அவ்வூர்தியுடையனவாக இருக்கலாம் எனப் பாதுகாப்பு அமைச்சகம் 2024 சனவரியில் அறிவித்தது.

அறிவிப்பின் சொற்களும் கருதத்தக்கன. ‘கண்டோம்’ என ஆரவாரிக்காமல், சான்றுகளை அடுக்கி, அவை சுட்டும் முடிவை மட்டும் அது கூறியது. பழைய பதிவேடு ஒன்று ஒழுங்காகப் பேணப்பட்டதால்தான், ‘வேறு ஊர்தி இங்கு மறையவில்லை’ என்று சொல்ல முடிந்தது. ஆழ்கடல் ஊர்தி ஆற்றிய பணிக்கு, கரையில் இருந்த கோப்பும் துணைநின்றது.

தெரிந்து தெளிவோம்

தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆழ்கடல் கனிம ஆய்வு, கடல்நீரைக் குடிநீராக்கல், ஆழிப்பேரலையை உணரும் மிதவைகள் அமைத்தல் முதலிய துறைகளில் இது பணியாற்றுகிறது.

கணக்கில் சேர வேண்டியவர்கள்

கேட்டலினா முதல் ஏஎன் 32 வரை முக்கால் நூற்றாண்டு கடந்துள்ளது. ஊர்திகள் மாறின, கருவிகள் மாறின, வானும் கடலும் மாறவில்லை. திரும்பாத ஊர்திக்குச் சமூகம் செய்ய வேண்டிய கடமைகளும் மாறவில்லை. அவை மூன்று. ஊர்தியைத் தேடுதல் முதற்கடமை. அது குடும்பங்களின் ஐயத்தைத் தீர்க்கிறது. சென்றோரின் பெயரைப் பதித்தல் இரண்டாம் கடமை. நடுகல் முதல் கிராஞ்சிச் சுவர் வரை மாந்தர் இதனைச் செய்துவந்துள்ளனர். வீழ்ந்த காரணத்தைக் கற்றல் மூன்றாம் கடமை. அதுவே இனிப் பறப்போரைக் காக்கிறது.

இம்மூன்றும் வானூர்திக்கு மட்டும் உரியன அல்ல. காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கடலுக்குச் சென்று திரும்பாத மீனவருக்கும், ஆலைகளில் உயிரிழக்கும் தொழிலாளருக்கும் இவை பொருந்தும். படகுகளில் இடங்காட்டி பொருத்துவதும், புயல் எச்சரிக்கை உரிய நேரத்தில் சேர்வதும், விபத்துகளை மறைக்காமல் பதிவுசெய்வதும் வால்டின் கணக்கையே பின்பற்றுகின்றன. கரை சேர்ந்த படகுகளை எண்ணி மகிழும் ஊர், சேராத படகையும் எண்ணும்போதுதான் அதன் கணக்கு நிறைவுபெறுகிறது.

அருஞ்சொற்பொருள்

வானோடி – வானூர்தியைச் செலுத்துபவர்
தொடுவானம் – வானமும் கடலும் இணைவதுபோல் தோன்றும் எல்லை
உயிர்நிலை – அடிபட்டால் உயிருக்குக் கேடு தரும் இடம்
அகவை – வயது
எண்மர் – எட்டுப் பேர்

இலக்கணக் குறிப்பு

திரும்பாத ஊர்தி – எதிர்மறைப் பெயரெச்சம்
எரிபொருள் – வினைத்தொகை
வானும் கடலும் – எண்ணும்மை

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள நினைவுக்கல், நடுகல், நினைவுத்தூண் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டு, அதில் பொறிக்கப்பட்ட செய்தியைப் படியெடுத்து வகுப்பில் பகிர்க.
2. ‘கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைக்கும்’ என்பதற்கு அன்றாட வாழ்விலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்து கலந்துரையாடுக.
3. கடலுக்குச் செல்லும் மீனவரின் பாதுகாப்பிற்கு இன்று பயன்படும் கருவிகள் குறித்துத் தகவல் திரட்டி ஒருபக்கக் கட்டுரை எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. இரண்டாம் உலகப்போரில் புழல் ஏரியைத் தளமாகக் கொண்ட ஊர்திகள்
அ) டகோட்டா ஆ) கேட்டலினா இ) டோர்னியர் ஈ) ஏஎன் 32

2. கூற்று: திரும்பிய ஊர்திகளில் துளை குறைவாகக் காணப்பட்ட பகுதிக்கே கவசம் தேவை.
காரணம்: அப்பகுதியில் அடிபட்ட ஊர்திகள் திரும்பி வரவில்லை.
அ) கூற்று சரி, காரணம் தவறு ஆ) கூற்று தவறு, காரணம் சரி இ) இரண்டும் சரி ஈ) இரண்டும் தவறு

குறுவினா

1. ‘எம்டன்’ என்னும் சொல் தமிழ்ப் பேச்சுவழக்கில் எப்பொருளில் வழங்குகிறது?
2. ஆழ்கடலில் தேடுவோர் ஒலியை நம்புவது ஏன்?

சிறுவினா

1. பிர்ச்சாலின் குழுவினர் மேற்கொண்ட தெரிவையும் அதன் விளைவையும் விளக்குக.
2. டோர்னியர், ஏஎன் 32 ஆகிய இரண்டின் தேடல்களுக்கும் இடையே கால அளவு வேறுபட்டதற்கான காரணத்தை எழுதுக.

நெடுவினா

1. ‘துயரத்தைக் காட்டிலும் ஐயம் கொடிது’ – பாடப்பகுதியின் நிகழ்வுகளைக் கொண்டு இக்கருத்தை நிறுவுக.
2. திரும்பாத ஊர்திக்குச் சமூகம் ஆற்ற வேண்டிய மூன்று கடமைகளை விளக்கி, அவற்றை உங்கள் ஊரின் தொழில் ஒன்றோடு பொருத்திக் கட்டுரை வரைக.